சாக்லேட் பிஸ்கட்டைத் தமிழில் எழுதலாமா?

குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ‘விடுமுறையில் எங்கள் வீட்டில் செய்த பண்டம்’ என்னும் தலைப்பில் ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னேன். 11 பேர் எழுதினர். 11 வீடுகளிலும் முறுக்கே சுட்டிருந்தார்கள்! எனக்கு ஐயம் எழுந்தது. “அரிசி மாவுக்கு உளுந்து மாவு எவ்வளவு சேர்த்தீர்கள்?” என்று வினவினேன். பலரும் விழித்தனர். இறுதியில் ஒரு மாணவி எழுந்து, “நாங்கள் சாக்லேட் பிஸ்கட்தான் செய்தோம், ஐயா. அதைத் தமிழில் எழுதலாமா என்று தெரியவில்லை” என்றாள்.

அவ்விடை என்னை வருத்தியது. தமிழ்க் கட்டுரை என்றால் முறுக்கும் அதிரசமும்தான் வரவேண்டும் என்று அக்குழந்தைக்குக் கற்பித்தவர் யார்? என்னைப் போன்ற ஆசிரியர்களே. வீட்டில் நடந்ததை மறைத்துவிட்டு, நடவாத ஒன்றைப் பிழையின்றி எழுதுவதற்குரிய மொழியாகத் தமிழ் ஆகிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

செய்ததைச் சொல் என்றேன். சொன்னாள். ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தாராம். 150 கிராம் மைதாவையும் 30 கிராம் கொக்கோத் தூளையும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவையும் கலந்து சலித்தார்கள். 100 கிராம் வெண்ணெயில் அதே அளவு பொடித்த சர்க்கரையைக் குழைத்து, மாவைக் கொட்டிப் பிசைந்தார்கள். மாவு திரளாமல் உதிரவே, பாட்டி சிறிது பால் தெளித்தார். பிறகு நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, உள்ளங்கையால் தட்டித் தட்டில் அடுக்கினார்கள். வீட்டில் ஓவன் இல்லை. ஆகவே, குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட்டு, சிறுதீயில் சுட்டார்கள். (அடுப்பு வேலை முழுவதும் அம்மாவுடையது. உங்கள் வீட்டிலும் அவ்வாறே இருக்கட்டும்.)

முதல் தட்டு கெட்டுப்போயிற்று. கைப்பேசியில் கண்ட காணொளி சொன்ன நேரத்தில் திறந்து தொட்டுப் பார்த்தபோது பிஸ்கட் மெத்தென்று இருந்தது. வேகவில்லை என்று எண்ணி மேலும் பத்து நிமிடம் விட்டார்கள். ஆறியபின் அது கல்லாயிற்று. சூட்டில் இளகியிருக்கும் வெண்ணெயும் சர்க்கரையும் ஆறும்போதுதான் இறுகும். மேலும், வெள்ளை மாவானால் ஓரம் சிவப்பதைக் கண்டு இறக்கிவிடலாம். கொக்கோ மாவோ முதலிலிருந்தே கருநிறம். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாம் தட்டைப் பாட்டி பார்த்துக்கொண்டார். பிஸ்கட் என்பதை அவர் தம் வாழ்நாளில் செய்ததில்லை. ஆயினும், மணத்தை முகர்ந்து, ஓரத்தைக் கரண்டியால் தொட்டு, “பதம் வந்துவிட்டது, இறக்கு” என்றார். அதிரசப் பாகுக்குப் பதம் பார்த்துப் பழகிய மூக்கும் கையும் அல்லவா அவை!

‘பதம்’ என்னும் அச்சொல்லை அம்மாணவி அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாளாம். எந்தப் பாடத்திலும் நான் அதனை இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

அவள் கூறியவற்றை இலக்கணக் கண்கொண்டு பாருங்கள். சாக்லேட், பிஸ்கட், கொக்கோ, மைதா, சோடா ஆகிய பெயர்ச்சொற்கள் வெளியிலிருந்து வந்தவை. சலித்தல், குழைத்தல், பிசைதல், திரளுதல், உருட்டுதல், தட்டுதல், சுடுதல், ஆறுதல் என்று வினைச்சொற்கள் அனைத்தும் தமிழ். வேலையை நாம் செய்தால் வினைச்சொல் நம்முடையதாகவே இருக்கும். கடையில் டப்பாவாக வாங்கியிருந்தால் ‘வாங்கினோம், தின்றோம்’ என்ற இரண்டோடு கட்டுரை முடிந்திருக்கும்.

கொக்கோ அயல்நாட்டது என்பர் சிலர். உண்மைதான், அது அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. நம் சாம்பாரில் இடும் மிளகாயும் அங்கிருந்தே வந்தது. இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் நிழலில் கொக்கோ ஊடுபயிராக விளைகிறது. பிஸ்கட் சுடுவதும் நாம் வாழும் இந்தப் பஞ்சாபுக்குப் புதிதன்று. வீட்டுக் கோதுமை மாவையும் நெய்யையும் சர்க்கரையையும் அடுமனைக்கு எடுத்துச் சென்று, பிஸ்கட்டாகச் சுட்டு வாங்கிவரும் வழக்கம் இங்கே உண்டு. உங்கள் பக்கத்து வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்.

இப்படியே போனால் நம் பண்டங்கள் மறந்துபோகும் என்று பெற்றோர் சிலர் என்னிடம் அஞ்சினர். அந்த அச்சத்தை நான் எள்ளமாட்டேன். என் மகனுக்கும் அதிரசம் செய்யத் தெரியாது. ஆனால், அப்பழியைப் பிஸ்கட்டின்மேல் போடுவது முறையன்று. அடுக்களைக்குள் எட்டிப் பார்த்த பிள்ளைகளை “போய்ப் படி” என்று விரட்டியவர்கள் நாம்தாம். பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்த கை, நாளை முறுக்குக்கும் பிசையும். எதற்குமே பிசையாத கையிடம் எதை எதிர்பார்ப்பது?

அம்மாணவி கட்டுரையைத் திருத்தி எழுதித் தந்தாள். ‘சலித்தோம்’ என்பதில் ‘லி’க்குப் பதிலாக ‘ளி’ போட்டிருந்தாள். மற்றபடி குறையில்லை. கருகிய முதல் தட்டையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். அவற்றை அவளுடைய அப்பா தேநீரில் தோய்த்துத் தின்று தீர்த்தாராம்.