நுரைச்சோலையின் புகைபோக்கியும் பொறியியலாளரின் சொல்லும்

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் செல்வோருக்கு வெங்காயப் பாத்திகளும் தென்னந்தோப்புகளும் மாறிமாறித் தென்படும். தலவில புனித அன்னாள் ஆலயத்துக்கு யாத்திரை போவோரும் இவ்வழியே செல்வர். நுரைச்சோலையை அணுகும்போது தென்னைகளுக்கு மேலாகப் புகைபோக்கியொன்று எழுந்து நிற்கும். 900 மெகாவாற் ஆற்றலுடைய இந்த அனல்மின் நிலையம் நின்றுபோனால் கொழும்பில் விளக்கு அணையும்.

விஞ்ஞானிகளும் பொறியியலாளர்களும் நாட்டை முன்னேற்றுகிறார்கள் என்று மேடைகளில் முழங்குவோர் ஏவுகணைகளையும் செய்மதிகளையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். எனக்கோ நுரைச்சோலைதான் நினைவுக்கு வரும். பொறியியலாளரின் சொல்லைக் கேட்டால் என்ன கிடைக்கும், கேளாதுவிட்டால் என்ன நேரும் என்ற இரண்டையும் இந்த ஒரே இடத்தில் காணலாம்.

சொல்லைக் கேளாமை நமக்குப் புதிதன்று. நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் ஆய்வுரை சமர்ப்பித்தார். பயன் ஏற்படாதுபோகவே 1931 இல் அரசாங்க சபைக்குத் தேர்தலில் நின்று, வென்று, அங்கும் வாதாடினார். இலக்சபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950 இல்! ஒரு பொறியியலாளரின் தாளுக்கும் ஒரு மின்விளக்குக்கும் இடையே 32 ஆண்டுகள்.

நிலக்கரியின் கதையும் ஏறத்தாழ அதுவே. மழையை மட்டும் நம்பியிருக்க இயலாதென்று மின்சாரத் திட்டமிடலாளர்கள் 1980களிலேயே கூறினர். முதலில் ஆராயப்பட்ட இடம் திருகோணமலை. இயற்கையான ஆழ்துறைமுகம் உள்ள இடமாயினும் பாதுகாப்பு நிலைமையால் அது கைவிடப்பட்டது. பின்னர் தென்கரையின் மாவெல்ல, அதன்பின் நுரைச்சோலை. இங்கும் மக்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்ப்புத் தெரிவிக்க, அரசாங்கங்கள் தயங்கின. இதற்கிடையில் 1996 இன் வரட்சியில் நாடு மணிக்கணக்கில் இருளில் கிடந்தது. 2006 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, சீனக் கடனில் சீன நிறுவனத்தால் கட்டப்பட்டு, முதலாவது அலகு 2011 இலும் மற்றைய இரண்டும் 2014 இலும் நிறைவுற்றன.

எதிர்த்தவர்கள் அனைவரும் முன்னேற்றத்தின் பகைவர்கள் என்று எழுதிய பத்திரிகையாளர்களும் உண்டு. அவ்வாறு எழுதுவது எளிது. ஆனால் நுரைச்சோலையில் துறைமுகம் இல்லை என்பதை நினைவிற் கொள்க. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, நிலக்கரி பாதைப்படகுகளில் கரைக்கு வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இறக்க முடிவதில்லை. ஆகவே காற்றுத் தொடங்குமுன்பே பருவகாலம் முழுவதற்குமான நிலக்கரியைக் கரையில் குவித்தாக வேண்டும். குவியல் மிகப் பெரிதாக இருக்கும் வேளையில்தான் கடலிலிருந்து நிலத்தை நோக்கிப் பலத்த காற்றும் வீசுகிறது. கரித்தூள் யாருடைய கிணற்றிலும் யாருடைய பாத்தியிலும் விழும் என்பதை அறியப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. இடத்தைத் தெரிந்த அன்றே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு அது.

மற்றொரு கணக்கு 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் வெளிப்பட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததால் நாடே இருண்டதென்று அமைச்சர் சொல்ல, உலகம் சிரித்தது. உண்மையில் அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், மின் தேவை குறைவு. கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் பெருகிவந்ததால் சுழலும் பாரிய இயந்திரங்கள் குறைவாகவே இயங்கின. அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் சடத்துவம் அந்த இயந்திரங்களிடமே உள்ளது. அது குறைந்திருந்த வேளையில் சிறு தடங்கலே போதுமாயிற்று. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. கொதிகலனை மீண்டும் எழுப்புவது சுவிட்சைத் தட்டுவது போன்றதன்று. நாட்கள் எடுத்தன, அடுத்த நாட்களில் மின்வெட்டும் வந்தது.

இது எவரும் எதிர்பாராத விபத்தன்று. சூரிய மின்சாரம் பெருகிய நாடுகளின் மின் பொறியியலாளர்கள் நன்கறிந்த சிக்கல். மின்கலச் சேமிப்பு, தேவையற்ற வேளையில் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் கருவிகள் எனப் பரிகாரங்களும் உள்ளன. ஆயினும் நாடா வெட்டுவதற்கு ஒரு மின் நிலையம் கிடைப்பது போல, நாடா வெட்டுவதற்கு ஒரு சடத்துவம் கிடைக்காதே! பராமரிப்புக்கும் படமெடுப்பார் இல்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பொறியியலாளர் பலர் நாட்டைவிட்டுப் போனதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது.

பொறியியலாளரைத் தெய்வமாக்குவதும் எனக்கு உடன்பாடன்று. மின்சாரத்தைக் கொழும்புக்கும் சாம்பலைக் கற்பிட்டிக்கும் பங்கிட்டவர்களுள் அவர்களும் இருந்தனர். மழை ஒழிந்த மணல் நிலத்தில் கிணற்று நீரைக்கொண்டு வெங்காயமும் மரக்கறியும் விளைவிக்கும் குடும்பங்கள் அங்குள்ளன. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு ஒருமுறை வேரறுந்த முஸ்லிம் மக்களும் இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர். காற்றில் எவ்வளவு தூசு, கிணற்றில் எவ்வளவு உலோகம் என்பதை அளப்பதும் விஞ்ஞானியின் தொழிலே. அந்த அளவீடுகள் ஆங்கில அறிக்கைகளாக அலுமாரியில் உறங்கலாகாது. தமிழிலும் சிங்களத்திலும், நாள்தோறும், நுரைச்சோலைச் சந்தியில் ஒரு பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும். வெங்காயம் பிடுங்கச் செல்பவர் காலையில் அதை வாசித்துவிட்டுப் போகட்டும்.