டப்பாவோடு ஒரு சீட்டும் வரட்டும்

இத்தலார்ப் பக்கத்து ஊர்களிலிருந்து நோயாளியைப் பார்க்க வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. முன்பெல்லாம் கையில் இருந்தது ஒரு பொட்டலம் வர்க்கி, அல்லது தோட்டத்துப் பேரிக்காய். இப்போது சில வீடுகளில் ஓவன் வந்துவிட்டது. உலர்பழம், முந்திரி, வெள்ளைச் சாக்லேட் கலந்த மாவைக் கரண்டியால் அள்ளித் தட்டில் இட்டுச் சுடும் குக்கீஸ் டப்பா நிறைய வருகின்றன. வீட்டுச் சாக்லேட்டுக்குப் பேர்போன மலையில் இது வியப்பன்று.

இத்தகைய பண்டங்களை வார்டுக்குள் விடவே கூடாது என்பாருண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாட்கணக்காகக் கஞ்சி உண்டு சலித்த நாவுக்கு, வீட்டு வெண்ணெயின் மணம் ஒரு தெம்பு. இரவெல்லாம் கட்டிலருகே விழித்திருக்கும் துணையாளருக்குப் பல நாள் அதுவே காலை உணவு. ஆனால் ஒன்றை வற்புறுத்துவேன்: அதில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று எழுதிய சீட்டு டப்பாவோடு வர வேண்டும்.

சுட்டவருக்குத் தம் நோயாளியின் உடல்நிலை தெரியும். அடுத்த கட்டிலில் இருப்பவரின் நிலை தெரியாது. பொது வார்டிலோ எந்தத் தின்பண்டமும் ஒரு கட்டிலோடு நிற்பதில்லை. பகிர்ந்துண்ணுதல் நம் பண்பு. அதை மாற்றச் சொல்லவும் மனம் வரவில்லை. கடை பிஸ்கட் உறையில் கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா ஆகியவை இருந்தால் குறிப்பிட்டாக வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. வீட்டு டப்பாவுக்கு உறை இல்லை. “வீட்டில் செய்தது” என்னும் சொல்லையே நாம் சான்றிதழாக ஏற்றுக்கொள்கிறோம்.

அந்தச் சிறு வில்லைக்குள் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். முந்திரியோ வாதுமையோ ஒவ்வாதவருக்கு ஒரு துணுக்கே போதும், உதடு வீங்கி மூச்சுத் திணற. அவ்வாறு நேர்ந்தால் தண்ணீர் கொடுத்துக் காத்திராமல் செவிலியரை உடனே அழைக்க வேண்டும். வெள்ளைச் சாக்லேட்டில் கோகோத் தூள் கிடையாது. கோகோ வெண்ணெய், பால், சர்க்கரை ஆகியவையே உண்டு, பெரும்பாலும் சோயா லெசித்தினும் சேரும். திராட்சையிலும் உலர்ந்த ஆப்ரிகாட்டிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிகள் பலர் தவிர்க்க வேண்டியது அதுவே. நிறம் மங்காதிருக்க அப்பழங்களுக்குச் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மம் சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு இழுப்பை வரவழைக்கும். பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுவோருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கக்கூடியது. சர்க்கரை நோயாளிக்கு “சர்க்கரை போடவில்லை” என்ற உறுதிமொழியும் போதாது. மைதாவும் உலர்பழமும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

இடையில் சுடுவோருக்கு ஒரு சொல். சமவெளிக்கு எழுதிய செய்முறை நம் உயரத்தில் அப்படியே பலிக்காது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாவிலுள்ள ஈரம் விரைந்து ஆவியாக, சர்க்கரை செறிந்து, குக்கீஸ் தட்டில் பரவி அப்பளமாகிவிடும். சர்க்கரையையும் சோடாவையும் சற்றுக் குறைத்து, மாவைச் சிறிது கூட்டினால் உருவம் நிற்கும். சர்க்கரையைக் குறைக்கச் சொல்வதில் மலையும் மருத்துவரும் ஒரே கட்சி.

அன்பாகக் கொண்டுவந்தவரிடம் “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்பது மரியாதையா எனச் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமே ஆபத்து. பக்கத்துக் கட்டில் பெரியவர் கேட்கக் கூச்சப்பட்டு வாயில் போட்டுக்கொள்வார். சீட்டு இருந்தால் எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை.

சேர்த்த பொருள்கள் எல்லாவற்றையும், முட்டை உண்டா இல்லையா என்பதையும், சுட்ட தேதியையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பருப்பில்லாமல் தனியாகச் சுட்டிருந்தாலும், அதே கரண்டியும் தட்டும் பயன்பட்டிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். சீட்டை மூடியில் ஒட்ட வேண்டாம், மூடிகள் மாறிப்போகும். டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டுங்கள்.