ஸ்டிக்கரும் தீர்ப்பும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு 2019-இல் ஒரு சட்டம் போட்டது: பெட்ரோல் பங்க் ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். மத்திய அரசின் கார்பன் வரியால் லிட்டருக்கு 4.4 சென்ட் கூடிவிட்டது, 2022-இல் அது 11 சென்ட் ஆகும் என்றது ஸ்டிக்கர். வசூலில் பெரும்பங்கு குடும்பங்களுக்கே திரும்பப் போகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. பசை சரியில்லாமல் பல உரிந்து விழுந்தன. கடைக்காரர் வாயில் அரசு தன் பேச்சைத் திணிக்கிறது என்று 2020-இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது.

பெரிய வழக்கு வேறு. சொந்தத் திட்டம் இல்லாத, அல்லது போதாத மாகாணங்களில் மட்டும் கார்பனுக்கு விலை வைத்தது 2018-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். சஸ்காட்செவனும் ஒன்டாரியோவும் ஆல்பர்ட்டாவும் எதிர்த்தன. முதல் இரு மாகாணங்களின் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் செல்லும் என்றன. ஆல்பர்ட்டாவினுடையது செல்லாது என்றது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. ஒரு மாகாணம் ஒதுங்கிக்கொண்டால் அதன் புகை எல்லோரையும் சேரும், மற்றவர்களால் தடுக்க முடியாது. ஆகவே குறைந்தபட்ச விலையை மத்திய அரசு நிர்ணயிக்கலாம் என்று எழுதினார் தலைமை நீதிபதி ரிச்சர்ட் வாக்னர்.

குறைந்தபட்சத் தரம் என்று சொல்லியே மாகாணங்களின் எந்த அதிகாரத்துக்குள்ளும் மத்திய அரசு நுழைந்துவிடலாமே என்று அஞ்சினார் மாறுபட்ட தீர்ப்பெழுதிய ரஸ்ஸல் பிரவுன். மாநில சுயாட்சி பேசி வளர்ந்த நம்மால் அந்த அச்சத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது. ஆனாலும் பெரும்பான்மைத் தீர்ப்பே சரி என்போம். எப்படிக் குறைப்பது என்பதை அது மாகாணங்களிடமே விட்டது. கார்பன் உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் தன் சந்தை முறையைக் கியூபெக் தொடர்ந்தது.

சட்டத்தின் அடித்தளத்தை ஆட்டியது அதைக் கொண்டுவந்த அரசேதான். எல்லோருக்கும் ஒரே குறைந்தபட்ச விலை என்று வாதாடி வென்ற பிரதமர் ட்ரூடோவின் அரசு, 2023 அக்டோபரில் வீடு சூடாக்கும் எண்ணெய்க்கு மூன்றாண்டு விலக்கு அளித்தது. பலன் பெரிதும் அட்லாண்டிக் மாகாணங்களுக்கு. இயற்கை எரிவாயுவில் குளிர்காயும் சஸ்காட்செவன் சும்மா இருக்குமா? 2024 ஜனவரியில் வீட்டு எரிவாயுவுக்கு வசூலிப்பதையே நிறுத்தியது. அதற்குப்பின் நீதிமன்றத் தீர்ப்பை நீட்டி யாரிடம் நியாயம் பேசுவது?

2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோருக்கான கார்பன் கட்டணத்தை, ட்ரூடோவுக்குப் பின் வந்த மார்க் கார்னி அரசு பூஜ்யமாக்கியது. பெருந்தொழில்களுக்கான கார்பன் விலை விலக்கப்படவில்லை.