கிழவனின் வாத்தியம்

குளிர்காலத்தைப் பாடிய சங்கீத வித்துவான்கள் ஐரோப்பாவில் அநேகர் உண்டு. ஆயினும் பனியையும் அதில் ஏகாந்தமாக நடந்து போகும் ஒரு மனிதனையும் பிரான்ஸ் ஷூபர்ட்டைப் போல வேறெவரும் பாடவில்லை என்பது என் அபிப்பிராயம். வில்ஹெல்ம் மூல்லர் என்னும் ஜெர்மானியக் கவியின் 24 பாடல்களுக்கு, ‘குளிர்காலப் பிரயாணம்’ என்ற கோவையாக, 1827-ஆம் ஆண்டில் அவர் இசை வகுத்தார். நண்பர்களைக் கூட்டிவைத்துத் தாமே அவற்றைப் பாடிக் காட்டியபோது, அந்தச் சோகத்தின் கனம் தாளாமல் அவர்கள் திகைத்துப் போனார்கள் என்றும், ஷோபர் என்ற நண்பர் லிண்டன் மரத்தைப் பற்றிய பாட்டு ஒன்றே தமக்குப் பிடித்ததாகச் சொல்ல, ஷூபர்ட்டோ தம் பாட்டுக்கள் அனைத்திலும் இவையே தமக்கு உகந்தவை என்று பதிலளித்தார் என்றும், உடனிருந்த ஸ்பவுன் எழுதி வைத்திருக்கிறார். மறு வருஷம் நவம்பரில் ஷூபர்ட் காலமானார், வயது 31.

காதல் கைகூடாமல் இரவோடிரவாக ஊரைவிட்டுப் புறப்பட்டவன், கடைசிப் பாட்டில், ஊர்ப்புறத்தில் வெறுங்காலோடு பனிக்கட்டிமேல் நின்று, விறைத்த விரல்களால் வாத்தியத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கிழவனைக் காண்கிறான். தட்டில் காசு விழவில்லை, நாய்கள் உறுமுகின்றன. அவனோடு சேர்ந்துகொள்ளலாமா என்று இவன் கேட்க, விடை வராமலே கோவை முடிந்துவிடுகிறது. இந்தப் பாட்டு நெடுகிலும் பியானோவின் இடது கைக்கு ஷட்ஜ பஞ்சமம் தவிர வேறு வேலையில்லை. முதல் இரண்டு தாளவட்டங்களில் மாத்திரம் ஓர் அபஸ்வரம் அதில் உரசிச் செல்லும், கைப்பிடி சுழலத் தொடங்குகையில் சுருதி நிலைகொள்ளாமல் முனகுகிற பாவனையில்.

அந்த வாத்தியத்துக்கு ஹர்டி-கர்டி என்று பெயர். கைப்பிடியைச் சுற்றினால், பிசின் தடவிய மரச்சக்கரம் ஒன்று வில்லுக்குப் பதிலாகத் தந்திகளை உரசும்; இடது கை கட்டைகளை அழுத்தி மெட்டை வாசிக்க, மற்றத் தந்திகள் நம் சுருதிப்பெட்டியைப் போல விடாமல் ரீங்கரிக்கும். சக்கரம் படுகிற இடத்தில் தந்திக்குப் பஞ்சு சுற்றுவார்கள். அது சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நாதம் கெட்டுவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சீமாட்டிகளின் மடியில் கொஞ்சி விளையாடிய இந்த வாத்தியம், ஷூபர்ட்டின் நாளில் பிச்சைக்காரர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

இதையே தம் தொழிலாகக் கொண்ட ஆஸ்திரியர் மத்தியாஸ் லாய்ப்னர், 24 பாடல்களிலும் பியானோவுக்குரிய பகுதியை ஹர்டி-கர்டிக்கு மாற்றியமைத்து வாசிக்க, போஸ்னியாவில் பிறந்த நடாஷா மிர்கோவிச் பாடிய இசைத்தட்டு 2010-இல் வெளிவந்தது. சாஸ்திரீய சங்கீதத்தைத் தெருவுக்கு இழுப்பது அபசாரம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அதே லிண்டன் மரப் பாட்டு, ஃப்ரீட்ரிஹ் சில்ஹர் என்பவர் குழுவினர் பாடுவதற்கேற்ப எளிதாக்கிக் கொடுத்ததிலிருந்து, ஜெர்மானியரின் நாடோடிப் பாடலாகவே ஆகிவிட்டது.

நஷ்டம் இல்லாமலில்லை. பத்து விரல்களுக்கென்று எழுதியதை ஒரு சக்கரம் முழுவதும் ஏற்றுக்கொள்ள இயலாது. இலைகளின் சலசலப்பும் தபால் வண்டியின் கொம்பொலியும் சற்று மெலிந்துதான் போகின்றன. ஆனால் முதற்பாட்டில் வாலிபன் காதலியின் வாசலைக் கடக்கும்போதே கிழவனின் சுருதி உடன் நடக்கத் தொடங்கிவிடுவதால், கடைசியில் அவன் கேட்கும் கேள்விக்கு விடை முன்னமே கிடைத்துவிட்டது என்கிற எண்ணம் நம்மைப் பற்றிக்கொள்கிறது. இந்த லாபத்துக்கு அந்த நஷ்டம் பெரிதல்ல.

புதிதாகக் கேட்கிறவர்கள் இதில் தொடங்க வேண்டாம். ஃபிஷர்-டீஸ்கௌ என்ற பாடகர் பியானோவோடு பாடியதை முதலில் கேளுங்கள்; பிறகு லாய்ப்னரிடம் வாருங்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போகாத சங்கதி. நடுவில் மட்டும் எழுந்துவிடாதீர்கள்.