எண்ணாயிரம் பொன்னுக்கு ஒரு வாள்



தலைப்பைக் கண்டு, பழைய மன்னர் கதை ஒன்று வருகிறது என்று எண்ணிவிட வேண்டா. நான் சொல்ல வந்தது ஓர் ஆட்டத்தைப் பற்றி. மேசையைச் சுற்றி ஐவர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். அவரை ஆட்டத்தலைவர் என்போம். ஏனையோர் வீரனாகவும் மந்திரக்காரியாகவும் கள்வனாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் விளக்கை அணைக்கிறேன்" என்று சொல்லிச் செல்வர். வெற்றியா தோல்வியா என்பதை இருபது முகப் பகடை தீர்த்து வைக்கும். 1974இல் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டமே இவ்வகைக்கு முன்னோடி. நம் விடுதி அறைகளிலும் இஃது இப்போது புகுந்துவிட்டது. புகுந்தது நன்றே என்பேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான்கு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச நமக்கு வேறு எது வாய்க்கிறது? ஆனால் அந்த ஆட்டத்துக்குள் ஒரு கடை இருக்கிறது. அதை மூடவேண்டும் என்பதே என் வழக்கு.

விடுமுறை நாள்களில் சூளூர்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் கூடி ஆடுவது எங்கள் வழக்கம். எங்களுள் ஒரு நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் படிப்புச் செலவைப் பார்த்துக் கொள்பவர். ஆகவே இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றுதான் வருவார். வராத நாளில் கிடைத்த புதையலில் அவருக்குப் பங்கில்லை. அது நாங்களே வகுத்துக் கொண்ட விதி. ஒருநாள் கதையில் பெருநகரம் ஒன்று வந்தது. நகரம் என்றால் கடை. கடை என்றால் மாய வாள். நாங்கள் மூவரும் பொற்காசுகளை எண்ணிக் கொட்டி, கூட்டல் இரண்டு வாள்களை வாங்கிக் கொண்டோம். அவர் கையில் பழைய கூட்டல் ஒன்று வாளே நின்றது. "ஊரில்தான் அப்படி என்று பார்த்தேன். இங்கேயுமாடா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நாங்களும் சிரித்தோம். அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை.

கூட்டல் ஒன்று, கூட்டல் இரண்டு என்பது என்ன என்று கேட்பீர்கள். பகடையில் விழும் எண்ணோடு வாள் தன் பங்காகச் சேர்க்கும் எண் அது. எங்கள் மேசையில் 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பின் விதிகளைக் கொண்டு ஆடுகிறோம். அதன் கணக்கு கூட்டலின் வர்க்கத்தை 2000ஆல் பெருக்குவது. கூட்டல் ஒன்றுக்கு 2000 பொன், இரண்டுக்கு 8000, மூன்றுக்கு 18000, ஐந்துக்கு 50000. இருக்கும் வாளையே உயர்த்தவேண்டுமானால் வித்தியாசத்தைக் கட்டினால் போதும். எத்தனையாம் படியில் இருக்கும் வீரனிடம் எவ்வளவு செல்வம் இருத்தல் வேண்டும் என்று ஓர் அட்டவணையே உண்டு. பத்தாம் படிக்கு 49000 பொன். படிக்கும்போது வட்டிக்கடைப் பேரேடு நினைவுக்கு வந்தால் குற்றம் என்னுடையதன்று.

தொடக்க காலத்தில் இப்படி இல்லை. புதையலில் கிடைத்தால்தான் மாய வாள். எது கிடைக்கும் என்பதைப் பகடை சொல்லும். சில வாள்களுக்கு அறிவும் அகந்தையும் இருந்தன. ஏந்தியவன் வலியற்றவனாயின் வாள் அவனை ஆண்டது. அதில் ஓர் அச்சமாவது இருந்தது! மூன்றாம் பதிப்பிலும் ஒரு நல்ல விதி இல்லாமற் போகவில்லை. மாயப்பொருளைத் தானே செய்பவன் விலையில் பாதியைப் பொன்னாகவும், இருபத்தைந்தில் ஒரு பங்கைத் தன் அனுபவப் புள்ளிகளிலிருந்தும் கொடுக்கவேண்டும். கூட்டல் ஒன்று வாளுக்கு 1000 பொன்னும் 80 புள்ளியும். செய்பவன் தன்னில் கொஞ்சம் இழந்தே அதை உண்டாக்குகிறான். ஆனால் கடை திறந்திருக்கும்போது தன்னை இழக்க எவன் முன்வருவான்? 2008இல் வந்த நான்காம் பதிப்போ, வேண்டாத மாயப்பொருளை ஐந்தில் ஒரு பங்கு மதிப்புக்கு உருக்கிப் பொடியாக்கிக் கொள்ளவும் வழி செய்தது.

இதற்கெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் மொழியில் ஒரு மாயப்பொருளுக்கு விதி வகுத்தவர் ஒருவர் இருந்தார். மணிமேகலை பாடிய சாத்தனாரைச் சொல்கிறேன். அமுதசுரபி எப்படிக் கைக்கு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆபுத்திரன் மதுரையில் வெறும் பிச்சை ஓட்டைக் கையிலேந்தி வீடுதோறும் இரந்து, குருடரையும் முடவரையும் ஊட்டி, மிஞ்சியதை உண்டு கிடந்தவன். ஒரு மழையிரவில் பசித்தோர் வந்து எழுப்ப, கொடுக்க ஒன்றுமின்றி வருந்தி நின்றபோதுதான் சிந்தாதேவி தன் கைப் பாத்திரத்தைத் தந்தாள். அதாவது, மாயமில்லாத ஓட்டினால் என்ன செய்து கொண்டிருந்தானோ அதையே மேலும் செய்யத்தான் மாயமுள்ள பாத்திரம் வந்தது. முதலில் செயல்; பிறகுதான் பொருள்.

பின்னர் நாடு செழித்துப் பசித்தோரே இல்லாமற் போயினர். சாவக நாட்டுக்குக் கப்பலேறியவன் மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டான். ஊட்ட ஒருவரும் இல்லாத இடத்தில் தன் வயிற்றை மட்டும் வளர்க்க அப்பாத்திரம் எதற்கு என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டு உயிர் நீத்தான். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் மேலே தோன்றும் அப்பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தது. வந்தவுடனே அதில் சோறு பொங்கிற்றோ? இல்லை! புகார் நகரில் ஆதிரை இட்ட முதற் பிச்சைக்குப் பிறகே அது வற்றாத கலமாயிற்று. பொருளை உயர்த்தியது பொன்னன்று. இன்னொருத்தி மனமுவந்து இட்ட ஒரு பிடிச் சோறு.

கடைக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. அதை நான் மறைக்கமாட்டேன். விலைப்பட்டியல் இருந்தால் எல்லாருக்கும் ஒரே விலை. பட்டியல் இல்லையேல், ஆட்டத்தலைவருக்கு வேண்டியவன் கையில் வாளும், வேண்டாதவன் கையில் துடைப்பமும் சேரும். மெய்தான், பார்த்திருக்கிறேன். அதற்கு விடை, விதியை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுதல். மணிபல்லவத்தில் தீவதிலகை பாத்திரத்தின் தன்மையை மணிமேகலைக்கு ஒளிக்காமல் உரைத்தாள் அல்லவா? அப்படி, இன்ன செயலைச் செய்தால் இவ்வாள் இவ்வாறு விழிக்கும் என்று ஆட்டத்தலைவர் ஒரு தாளில் எழுதி எல்லார் முன்னும் வைத்துவிடட்டும். 2005இல் வந்த 'வெப்பன்ஸ் ஆஃப் லெகசி' என்னும் நூல் ஏந்துபவனோடு சேர்ந்து வளரும் படைக்கலங்களைப் பற்றிப் பேசியது. நல்ல எண்ணம். ஆனால் ஒவ்வொரு சடங்குக்கும் பொன் கேட்டுக் கெடுத்துக் கொண்டார்கள்!

எங்கள் மாடியில் நின்றால், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழுவது தெரியும். ஆட்டம் நின்றுவிடும், பகடையைப் போட்டது போட்டபடி எல்லாரும் எழுந்து பார்ப்போம். அந்த ராக்கெட்டுக்கும் ஒரு கடைக் கதை உண்டு. கிரையோஜெனிக் எஞ்சினையும் அதன் நுட்பத்தையும் வாங்க 1991இல் சோவியத் நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று. அமெரிக்கா தடை விதித்தது. 1993இல் ருஷ்யா நுட்பத்தைத் தர மறுத்து, எஞ்சின்களை மட்டும் தர இசைந்தது. வாங்கியவை பறக்கவில்லையா? 2001இல் பறந்தன, நன்றி மறக்கலாகாது. நம்மவர் செய்தது 2010 ஏப்ரல் 15இல் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5இல் வென்றது. 2023இல் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டில் இருந்ததும் இங்கேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சின்தான். ஆட்டத்துக்கும் நாட்டுக்கும் முடிச்சுப் போடுகிறான் என்று நகைப்பீர்கள். நகையுங்கள். ஆயினும், அது மேலெழும்போது எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நிற்பது விலைக்கு வாங்கிய பொருளைப் பார்க்கவா?

எங்கள் ஆட்டத்தலைவரிடம் பேசிவிட்டேன். அடுத்த கதையில் கடை இல்லை. ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே ஒரு பொருள்; அதை விழிக்கச் செய்யும் மூன்று செயல்கள் தாளில் எழுதப்பட்டிருக்கும். அச்செயல்கள் அவரவர்க்கே உரியவை. ஒருவர் வராத நாளில் மற்றவர் அவற்றை முடித்துவிட இயலாது. வரும் நாள்வரை அவை அவருக்காகக் காத்திருக்கும். ஒருவர் மூன்று மாயப்பொருளுக்கு மேல் தம்மோடு பிணைத்துக் கொள்ளலாகாது என்னும் 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதியையும் சேர்த்துக் கொண்டோம். அது நல்ல விதி.

என் கூட்டல் இரண்டு வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விதிப்படி பாதி விலைதான் தருவேன் என்றார் ஆட்டத்தலைவர். அந்தப் பொன்னை என்ன செய்வதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பாடம் சொல்லிக் கொடுக்கும் நண்பருக்கு இவற்றையெல்லாம் செய்தியாக அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. மறுமொழி இன்னும் வரவில்லை.