உலா: ஒவ்வாமையும் மதிப்பும்

உலா இலக்கியம் நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் என் குரல் தாழ்ந்துவிடும். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவ மகளிரும் பவனிவரும் தலைவனைக் கண்டு நிற்பதாகப் பாடுவது இதன் மரபு. பேதை காமம் அறியாதவளாகவே பாடப்படுவாள் என்பது சற்றே ஆறுதல். அடுத்தவளான பெதும்பைக்கு வயது 8 முதல் 11 என்பர். என் இளைய மகளுக்கு 9. அப்பகுதி எனக்கு இன்றும் ஒவ்வாது.

ஆயினும் அக்கண்ணிகளைத் தாண்டிச் செல்ல மனம் இசையவில்லை. ஒட்டக்கூத்தரின் மூவருலா சோழர் குலவழியை வரலாற்றாசிரியர்க்கு வழங்கிய நூலன்றோ! வேந்தன் பவனியையும் வீதியின் ஆரவாரத்தையும் ஒரே கலிவெண்பாவில் தொய்வின்றிக் கொண்டுசெல்லும் ஆற்றல் எளிதில் வாய்ப்பதன்று. வேண்டாததை நீக்கி நடத்தினால், மாணவர் அறிவது உலாவை அன்று, என் விருப்பத்தையே.

இவ்வாண்டு பெதும்பைப் பகுதியைக் குரல் தாழ்த்தாமற் படித்தேன். படித்து முடித்தபின் என் மறுப்பையும் சொன்னேன்.