விடிந்தது தெரிய வேண்டும்

நியூயார்க்கின் தென்கோடியில், வாட்டர் தெரு 25ஆம் எண்ணில், 1960களின் இறுதியில் ஒரு வங்கிக்காக 22 மாடிக் கட்டடம் எழுந்தது. நாலு பக்கமும் செங்கல் சுவர். அதில் கத்தியால் கீறியதுபோல ஒடுங்கிய சன்னல்கள். அன்றைய கணினிகளின் துளை அட்டையை நினைவூட்டும் முகப்பு அது. இன்று அது 1,300க்கும் மேற்பட்ட குடியிருப்புகளாகிவிட்டது. அதற்காகக் கட்டடத்தின் வயிற்றை மேலிருந்து கீழ்வரை அறுத்து இரண்டு முற்றங்களைத் திறந்தார்கள். அப்படி இழந்த இடத்தை உச்சியில் 10 மாடிகளாக ஏற்றி ஈடுகட்டினார்கள்.

இத்தனை பாடும் வெளிச்சத்துக்காக.

அலுவலகங்களும் சூரியனை நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. இதே நகரில் 1913இல் திறந்த உல்வொர்த் கோபுரத்தில், மேசைகள் சன்னலை விட்டு வெகுதூரம் போக முடியாது; இருண்ட இடத்துக்கு வாடகை கிடைக்காது. அதனால் கட்டடத்தையே இரு கைகளாகப் பிரித்து, நடுவில் வெளிச்சம் இறங்க வழிவிட்டார்கள். பிறகு குழல்விளக்கும் குளிர்சாதனமும் வந்தன. வெயிலும் காற்றும் இல்லாமலே வேலை நடக்கும் என்றானதும் தளங்கள் அகன்றன, நடுப்பகுதி இருண்டது. நூறாண்டு கடந்த உல்வொர்த்தின் மேல் 30 மாடிகள் வீடுகளாக மாறியிருக்கின்றன. அதைவிட அரை நூற்றாண்டு இளைய வாட்டர் தெருக் கட்டடத்துக்கோ அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது.

வீட்டு வெளிச்சத்தின் கதை இன்னும் கசப்பானது. 1880களில் இந்நகரின் ஏழைக் குடியிருப்புகளைப் படமெடுக்கப் போன பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸால், மக்னீசியப் பொடியைக் கொளுத்தித்தான் அந்த அறைகளைப் பார்க்க முடிந்தது. ஒவ்வோர் அறைக்கும் சன்னல் வேண்டும் என்று 1879ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னபோது, கட்டியவர்கள் குப்பை சேரும் ஒடுங்கிய காற்றுக்குழியைக் காட்டிக் கணக்கைத் தீர்த்தார்கள். உண்மையான முற்றத்தைக் கட்டாயமாக்க 1901 வரை போராட வேண்டியிருந்தது.

1995இல் தொடங்கிய வரிச்சலுகையைக் கொண்டு நகரம், வால் ஸ்ட்ரீட் பகுதியின் பழைய அலுவலகங்களில் சுமார் 13,000 வீடுகளை உருவாக்கியது. எளியவர்களுக்கென்று அதில் ஒரு பங்கும் ஒதுக்கப்படவில்லை. 2024ஆம் ஆண்டின் புதிய சலுகை, நான்கில் ஒரு வீட்டையாவது குறைந்த வாடகைக்கு விடச் சொல்கிறது. இது வரவேற்க வேண்டிய திருத்தம்.

ஆனால் கொரோனாவுக்குப் பின் காலியான அலுவலகங்களைக் காட்டி, படுக்கையறைக்குச் சன்னல் எதற்கு என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. மாற்றியமைத்த சில கட்டடங்களின் வரைபடத்தில், சன்னலில்லாத அறைக்கு 'வீட்டு அலுவலகம்' என்று பெயர். வாடகை கட்டமுடியாமல் இருவராகச் சேர்ந்து குடிவருபவர்கள் அங்கே கட்டில் போடுகிறார்கள். 1879இன் காற்றுக்குழி வேறு பெயரில் திரும்பி வருகிறது.

வீட்டுப் பஞ்சம் உண்மை. காலிக் கட்டடங்களை இடித்துத் தள்ளாமல் குடிவைப்பதும் நல்லதே. அதற்காகச் சன்னல் விதியைத் தளர்த்தக் கூடாது. அறுக்க வேண்டிய கட்டடத்தை அறுக்க வேண்டும். செலவு கூடினால் அரசு கைகொடுக்க வேண்டும். இன்று அலுவலகம் கட்டுபவர்களும், நாளை அங்கே ஒருவர் உறங்கக்கூடும் என்று எண்ணித் தளத்தின் அகலத்தைத் தீர்மானிக்கட்டும். வாடகை எவ்வளவு குறைவானாலும், அங்கே கண் விழிப்பவருக்கு விளக்கைப் போடாமலே விடிந்தது தெரிய வேண்டும்.